நாற்காலியில் உட்கார்ந்த தையல்காரர்

அந்தக் குடும்பப் படத்தில் ஐந்து பேர். அம்மா, அக்கா, மகன், தங்கை, அப்புறம் எதிர்க்கடைத் தையல்காரர். அப்பா இல்லை. அப்பா உட்கார வேண்டிய நாற்காலியில், அப்பாவுக்கென்று தைத்த புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு, கழுத்தில் இன்ச் டேப்பைக் கழற்ற மறந்து, தையல்காரர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறார். விவரம் தெரியாதவர்கள் பார்த்தால் அவர்தான் குடும்பத் தலைவர். முகத்தில் அந்தப் பொறுப்பு வேறு வழிகிறது.

இந்த லட்சணத்தில், அப்பாவுக்கு உயிர் அந்தப் படம்தான். வீடு மாறும்போதெல்லாம் கட்டில், பீரோ, பாத்திரம் பண்டம் எல்லாம் வண்டியில் வரும். படம் மட்டும் அவர் மடியில் வரும். தினமும் காலையில் துண்டு நுனியால் கண்ணாடியைத் துடைத்துவிட்டு அதன் முன்னால் கொஞ்ச நேரம் நிற்பார். அதற்குப் பிறகுதான் டீ. இதைப் பார்த்தே வளர்ந்த மகனுக்கு ஒன்று மட்டும் புரிந்ததே இல்லை. தான் இல்லாத படத்தை ஒரு மனுஷன் எதற்காக இப்படிக் கொண்டாட வேண்டும்? கேட்டால், நல்ல படம்டா என்பார். அதற்கு மேல் அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை பிடுங்க முடியாது.

அப்பாவுக்குக் குடிநீர் இலாகாவில் வேலை. தெருவுக்கு அடியில் ஓடும் பெரிய குழாய்களைத் திறந்து மூடுகிற வேலை. குறுக்குப்பிடி வைத்த ஆள் உயர இரும்புச் சாவி ஒன்றைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு இருட்டோடு கிளம்பிவிடுவார். குழி மூடியை நெம்பித் தூக்கி, சாவியை உள்ளே இறக்கி, உடம்பையே சாய்த்துச் சுற்றுவார். ஒரு தெருவுக்குத் திறந்தால் இன்னொரு தெருவுக்கு மூடியாக வேண்டும். திறந்த தெரு அவரைக் கையெடுத்துக் கும்பிடும், மூடின தெரு கரித்துக்கொட்டும். இரண்டையும் அவர் ஒரே முகத்தோடு வாங்கிக்கொள்வார். ஊருக்கு அவர் வால்வுக்காரர்.

எங்கே போனாலும் ஜனங்களுக்கு அவரிடம் கேட்க ஒரே கேள்விதான். தண்ணி எப்போ வரும்? கல்யாண வீட்டில் கேட்பார்கள். முடிவெட்டும் கடையில், பாதித் தலை வெட்டியிருக்கும்போது பக்கத்து நாற்காலிக்காரர் கேட்பார். அவரும் அலுத்துக்கொள்ளாமல், எந்தத் தெரு, மேட்டுப் பக்கமா பள்ளத்துப் பக்கமா என்றெல்லாம் விசாரித்துப் பதில் சொல்வார். மனசு நோகுமே என்று ஒரு பொய் சொல்லத் தெரியாது. வராது என்றால் வராதுதான். ஊருக்கெல்லாம் தண்ணி எப்போ வரும்னு சொல்ற மனுஷன், தான் எப்போ வீட்டுக்கு வருவார்னு மட்டும் வாயத் திறக்க மாட்டார் என்று அம்மா சொல்லிக் காட்டுவாள். அவர் அதற்கும் வாயைத் திறக்க மாட்டார்.

அம்மா பேச்சில் புலி, சிரிப்பில் மட்டும் கோழை. முன்பல் ஒன்று கொஞ்சம் எடுப்பாக இருக்கும். அதனால் சிரிப்பு வந்தால் உடனே கை போய் வாயைப் பொத்திக்கொள்ளும். வீட்டில், இருட்டில், தனியாக இருக்கும்போதுகூட அப்படித்தான். படம் எடுக்கிறவன் எதிரே வந்துவிட்டாலோ உதட்டைப் பூட்டுப் போட்டுப் பூட்டிவிடுவாள்.

அக்காவுக்கு நர்ஸ் படிப்புக்கு வெளியூரில் இடம் கிடைத்தபோதுதான் படம் எடுக்கிற யோசனை வந்தது. யோசனை அம்மாவுடையது. இனிமேல் இந்தப் பெண் வந்தால் வருவாள், வராவிட்டால் இல்லை, எல்லாரும் ஒன்றாக இருக்கும்போதே ஒரு படம் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். அப்பாவிடம் இருந்த சட்டைகள் எல்லாமே சேற்று நிறத்துக்கு மாறியிருந்தன. அதனால் நல்ல வெள்ளைத் துணி எடுத்துத் தையல்காரரிடம் கொடுத்தார்கள். தையல்காரர் அப்பாவை அண்ணே என்றும் அம்மாவை அண்ணி என்றும் கூப்பிட்டுக்கொண்டு அந்த வீட்டிலேயே பாதி நாள் கிடப்பவர். பிள்ளைகளுக்கு அவர் சித்தப்பா. அவர் எந்தத் துணியையும் சொன்ன நாளில் தைத்துக் கொடுத்ததாகச் சரித்திரம் இல்லை. எப்போது கேட்டாலும் பட்டன்தான் பாக்கி என்பார். போய்ப் பார்த்தால் துணியையே வெட்டியிருக்க மாட்டார்.

அக்காவுக்கு விடிகாலையில் பஸ். முதல் நாள் சாயங்காலம் ஸ்டுடியோவுக்குப் போவதாக ஏற்பாடு. அன்று மத்தியானம் கடைவீதியில் ஏதோ கனமான லாரி ஏறி மெயின் குழாய் பிளந்துகொண்டது. ஆள் வந்து சொன்னதும் அப்பா சாவியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். நீங்க ஸ்டுடியோவுக்குப் போய் உக்காருங்க, நான் நேரா அங்க வந்துடறேன் என்று மட்டும் சொன்னார்.

அந்த ஸ்டுடியோக்காரருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் 'அசையாதீங்க'. ஆள் வாயில் வருகிற ஒரே வார்த்தை அதுதான். ஒரு பெரிய திரை, அதில் வளைந்த படிக்கட்டும் தூண்களும் வரைந்திருக்கும். தரையில் ஒரு வெள்ளை விரிப்பு. அதன் மேல் தூசி பட்டாலே மனுஷனுக்குக் காய்ச்சல் வந்துவிடும். அம்மாவும் பிள்ளைகளும் உடுத்திக்கொண்டு வந்து காத்திருந்தார்கள். தையல்காரர் மூச்சு வாங்க ஓடிவந்தார், கையில் சட்டை. பட்டன் தைத்த நூலைக்கூட வாசலில் நின்றுதான் பல்லால் கடித்து அறுத்தார். அவர் வந்து கொஞ்ச நேரத்தில் அப்பா வந்தார்.

வந்தது அப்பாதான் என்று குரலை வைத்துத்தான் தெரிந்தது. தலையிலிருந்து கால்வரை சேறு. காதில் சேறு, புருவத்தில் சேறு, நின்ற இடத்தில் குளம். ஸ்டுடியோக்காரர் இரண்டு கையையும் விரித்து வாசலை மறித்தார். விரிப்புப் பக்கம் போகவே விடவில்லை. பின்னால் குழாய் இருக்கிறது, கழுவிக்கொண்டு வாருங்கள் என்றார். அப்பா அசையாமல் நின்றார். ஸ்டுடியோக்காரரே போய்க் குழாயைத் திருகினார். புஸ்ஸென்று காற்று வந்தது. வேறு எதுவும் வரவில்லை.

வருமா? உடைப்பைச் சரிசெய்ய அந்த வட்டாரத்துக்கே தண்ணீரை நிறுத்தியிருந்தார்கள். நிறுத்தியவர் யார் என்றால், சேறு சொட்ட நின்றுகொண்டிருந்தாரே, அவரேதான். பூசின பூச்சு காயும்வரை திறக்கக் கூடாது. தனக்கு ஒரு குடம் தண்ணீர் வேண்டும் என்பதற்காக வால்வைத் தொடுகிற ஜாதி இல்லை அவர்.

இன்னொரு நாள் வரலாம் என்றால் அக்கா இருக்க மாட்டாள். நாற்காலியைக் காலியாக விட்டு எடுத்துவிடலாம் என்று ஸ்டுடியோக்காரர் சொன்னதும் அம்மாவுக்கு முகம் மாறிவிட்டது. குத்துக்கல்லாட்டம் அவர் நிற்கும்போது காலி நாற்காலியா, அந்தப் பேச்சே வேண்டாம் என்றாள். நாற்காலியையே எடுத்துவிடலாம் என்றால், அது திரையின் கீழ்க்கிழிசலை மறைக்கப் போட்டதாம். கடைசியில் வழி சொன்னவர் அப்பாதான்.

"நீ சட்டையைப் போட்டுக்கிட்டு உக்காருடா. சட்டையாவது படத்துல வரட்டும்," என்றார் தையல்காரரிடம்.

தையல்காரர் கூச்சப்பட்டார், நெளிந்தார், வேண்டாம் அண்ணே என்றார், சொல்லிக்கொண்டே போட்டுக்கொண்டார். சட்டை அவருக்கு அளவெடுத்துத் தைத்தது போல் பொருந்தியது. அப்பாவுக்கு அளவெடுக்க நேரமில்லாமல் தன் உடம்பை வைத்தே வெட்டிவிட்டார் என்பது பிற்பாடு தெரிந்தது. அம்மா தங்கையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஸ்டுடியோக்காரர் அசையாதீங்க என்று சொல்லிவிட்டுக் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார். விட்ட தலையோடு, அவருக்கே தன் வீட்டு நினைப்பு வந்துவிட்டது போலிருக்கிறது. துணிக்குள்ளிருந்து ஒரு குரல், தண்ணி எப்போ வரும் என்று கேட்டது. அவருக்குப் பின்னால் தலை முதல் கால் வரை சேறோடு நின்ற அப்பா, வழக்கமாக எல்லாரிடமும் கேட்பது போலவே, எந்தத் தெரு என்று விசாரித்தார்.

அம்மாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. கை இரண்டும் தங்கையைப் பிடித்திருந்ததால் வாயைப் பொத்த வழியில்லை. எடுப்புப் பல்லோடு, கண் இடுங்க, முழுசாகச் சிரித்தாள். அம்மா சிரித்ததைப் பார்த்து அக்காவும், அவனும், எதற்கென்றே தெரியாமல் தங்கையும் சிரித்தார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் காமிரா சொடுக்கியது. தையல்காரர் ஒருவர்தான் கடமை தவறாமல் அசையாமல் இருந்தார்.

படம் கழுவி வந்தபோது அம்மாவுக்கு அழுகையே வந்துவிட்டது. பல்லைப் பார், இதை யாராவது சுவரில் மாட்டுவார்களா, அக்கா லீவுக்கு வரும்போது வேறு எடுத்துக்கொள்ளலாம் என்றாள். அப்பா மறுநாளே சட்டம் போட்டு மாட்டிவிட்டார். வேறு படம் எடுக்கவே விடவில்லை. அம்மா கேட்கும்போதெல்லாம் அவருக்கு எங்கோ ஒரு குழாய் உடைந்துவிடும். கல்யாணத்தன்று எடுத்த படம் ஒன்று இருந்தது. அதுவும் கூரை ஒழுகிப் பாழானது. ஊர்க் குழாயை ஒழுகாமல் பார்த்துக்கொண்டவருக்குத் தன் வீட்டுக் கூரையைப் பார்க்க நேரம் கிடைக்கவில்லை. ஆகவே அப்பாவும் அம்மாவும் சேர்ந்து இருக்கிற படம் என்று ஒன்றுகூட மிஞ்சவில்லை.

அம்மா போன வருஷத்துக்கு முந்தின வருஷம் காலமானாள். துக்கம் கேட்க வந்தவர்களில் ஒருவர், கிளம்பும் நேரத்தில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, நாளைக்குத் தண்ணி வருமா என்று மெல்லக் கேட்டார். அப்பா ஓய்வுபெற்றுப் பல வருஷம் ஆகியிருந்தது. அவர் கோபப்படவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, விசாரிச்சுச் சொல்றேன் என்றார்.

அதற்குப் பிறகு அப்பா மகன் வீட்டோடு வந்துவிட்டார், மடியில் படத்தோடு. மகனுக்கு ஒரு பெரிய ஓட்டலில் அறைகளை மேற்பார்வை பார்க்கிற வேலை. தலையணை கோணலாக இருக்கக் கூடாது, துண்டு மடிப்புக் கலையக் கூடாது, சுவரில் படம் ஒரு நூல் சாய்ந்திருக்கக் கூடாது. எதையும் சரிசெய்யாமல் சும்மா இருக்கத் தெரியாத கை அவனுடையது. அவன் வீட்டுக் கூடத்தில் இப்படி ஒரு படம். வருகிறவர்கள் எல்லாம், அப்பா தையல்காரரா என்று கேட்டார்கள். இல்லை, அது வேறு ஆள் என்றால் ஒரு மாதிரி பார்த்தார்கள். முதலில் அவனுக்கு எரிச்சலாக இருந்தது. பிறகு ஒரு நாள், தனியாக அதன் முன்னால் நின்றபோது, தாங்க முடியாத வருத்தமாக இருந்தது. இவ்வளவு காலம் கூடவே வாழ்ந்த மனுஷனுக்கு அம்மா பக்கத்தில் உட்கார ஒரு இடம் இல்லாமல் போயிற்றே. அப்பா இருக்கும்போதே அந்த இடத்தை அவருக்கு வாங்கிக் கொடுத்துவிட வேண்டும் என்று அவனுக்குத் தோன்றிவிட்டது.

பழைய படங்களைக் கம்ப்யூட்டரில் திருத்தித் தருகிற கடை ஒன்று ஓட்டலுக்குப் பக்கத்தில் இருந்தது. அந்த வயதில் அப்பாவின் முகம் வேண்டும் என்று கடைக்காரப் பெண் கேட்டாள். கிடைத்தது அவருடைய இலாகா அடையாள அட்டை ஒன்றுதான். அடையாள அட்டையில் எல்லாரும் திருடிவிட்டு மாட்டிக்கொண்ட மாதிரிதான் இருப்பார்கள். அப்பாவும் அப்படித்தான் இருந்தார். பரவாயில்லை என்று, அந்தத் தலையை எடுத்துத் தையல்காரர் கழுத்தில் பொருத்தி, இன்ச் டேப்பை அழித்து, மங்கலையெல்லாம் துலக்கிப் பெரிதாகப் போட்டுக் கொடுத்தாள். புதுச் சட்டத்தில் பளபளவென்று இருந்தது. மகன் பழைய படத்தைக் காகிதத்தில் சுற்றி அலமாரியில் வைத்துவிட்டு, புதியதை மாட்டி, அப்பாவைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து காட்டினான்.

அப்பா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு மகனின் தோளைத் தட்டிக்கொடுத்தார். நல்லாப் பண்ணியிருக்கடா, ரொம்ப மெனக்கெட்டிருப்ப என்றார். மகனுக்கு வயிறு நிறைந்துவிட்டது.

விஷயத்தைக் கவனித்தவள் அவன் மனைவி. மாமா இப்போதெல்லாம் படத்தைத் துடைப்பதே இல்லை, அந்தப் பக்கம் திரும்புவதுகூட இல்லை என்றாள். அவன் போய் விரலால் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தான். தூசி படிந்திருந்தது. ஓட்டலில் அடுத்தவன் அறையில் இந்தத் தூசியைக் கண்டிருந்தால் குதித்திருப்பான். இங்கே அந்த விரலைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தையல்காரர் வந்தார். இப்போது அவருக்கும் வயதாகிவிட்டது, நடை தளர்ந்துவிட்டது, நாக்கு மட்டும் அப்படியே இருக்கிறது. படத்தைப் பார்த்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"என்னண்ணே இது, தலை உங்களுது, தொப்பை என்னுது! டேப்பை அழிச்சவங்க இந்த முனையை விட்டுட்டாங்களே, பாருங்க."

உண்மைதான். கழுத்தில் இருந்த டேப் போய்விட்டது, தொடைமேல் கிடந்த அதன் முனை மட்டும் எலி வால் போல் மிச்சமிருந்தது. தன்னைப் படத்திலிருந்து தூக்கிவிட்டார்களே என்று அவருக்கு ஒரு துளி வருத்தமும் இல்லை. இரும, கண்ணில் தண்ணீர் வர, சிரித்துத் தீர்த்தார். அப்பா சிரிக்கவில்லை. அதைக் கண்டதும் தையல்காரர் சட்டென்று அடங்கிவிட்டார். டீ ஆறுது, குடி என்றார் அப்பா.

தையல்காரரைத் தெருமுனை வரை கொண்டுவிட்டு வந்த மகன், அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தான். படம் பிடிக்கவில்லையா என்று கேட்டான். யார் சொன்னது, நன்றாகத்தானே இருக்கிறது என்றார் அவர். பொய் சொல்லத் தெரியாத மனுஷன் பொய் சொல்வதைப் பார்க்க அவனுக்குப் பாவமாக இருந்தது. மனசில் இருந்ததைப் போட்டு உடைத்துவிட்டான்.

"நீங்களும் அம்மாவும் ஒண்ணா இருக்கிற படம் ஒண்ணுகூட இல்லப்பா. அம்மா பக்கத்துல நீங்க இருக்கணும்னுதான் பண்ணேன்."

"தெரியும்டா. அதனாலதான் நான் ஒண்ணும் சொல்லல."

பிறகு அப்பா, அன்றைக்கு நான் எங்கே நின்றேன் என்று ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டார். காமிராக்காரருக்குப் பின்னால் என்றான் மகன்.

"அவரு துணிக்குள்ள தலையை விட்டுட்டாரு. அப்புறம் அங்க நான் ஒருத்தன்தான். உங்கம்மா காமிராவைப் பாக்கலடா. என்னைப் பாத்தா. என்னைப் பாத்துதான் அப்படிச் சிரிச்சா. இத்தனை வருஷமா காலையில போய் முன்னாடி நிப்பேன், சிரிப்பா. இப்ப என்னைத் தூக்கி அவ பக்கத்துல உக்கார வெச்சுட்ட. நான் உம்முனு உக்காந்திருக்கேன். அவ வேற யாரையோ பாத்துச் சிரிக்கிறா."

மகன் எழுந்து போய்ப் பார்த்தான். அம்மாவின் கண் காமிராவைப் பார்க்கவில்லை. அதற்குக் கொஞ்சம் மேலே, பின்னால், நின்றுகொண்டிருந்த யாரையோ பார்த்தது. அக்காவின் கண்ணும் அங்கேதான். தங்கையும், அரை டிராயரில் அவனும் அங்கேதான் பார்த்தார்கள். பக்கத்து நாற்காலியில் அப்பா, தனக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை என்பது போல் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். அந்தச் சிரிப்பில் தானும் இருந்தவன்தானே, இவ்வளவு நாள் இது எப்படித் தெரியாமல் போயிற்று என்று நினைத்தான்.

புதுப் படத்தை இறக்கினான். அலமாரியில் இருந்ததை எடுத்துக் காகிதத்தைப் பிரித்தான். புதுசைத் தூக்கிப் போட்டுடாதே, தையல்காரனுக்குக் குடுத்துடு, வெச்சுச் சிரிச்சுக்கிட்டு இருப்பான் என்றார் அப்பா. பழைய படம் ஆணியில் ஏறியதும் எழுந்து வந்தார். துண்டு நுனியால் கண்ணாடியை ஒரு மூலை விடாமல் துடைத்தார். பிறகு பின்னால் நகர்ந்து, தனக்குப் பழக்கமான இடத்தில் போய் நின்றார்.

காலை வேளையில் மகன் அவரை எப்போதும் முதுகுப் பக்கமிருந்துதான் பார்த்திருக்கிறான். இப்போதுதான் பக்கவாட்டில் நின்று பார்த்தான். கால்களை அகற்றி வைத்து, இரண்டு கைகளையும் உடம்பில் படாமல் தள்ளிப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் இருக்கிற எதன்மேலும் சேறு பட்டுவிடக் கூடாதே என்று ஒதுங்கி நிற்பவரைப் போல, அப்பா அம்மாவுக்கு எதிரே நின்றுகொண்டிருந்தார்.